செவ்வாயில் கிளம்பிய புழுதி

அப்பாவுக்கு தேவதர்ஷினியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

எங்கள் ஆளில்லா விண்கலம் செவ்வாய்க் கிரகத்தின் மெல்லிய காற்றில் உரசி உரசித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நேற்று அங்கே புழுதிப்புயல் கிளம்பி, நினைத்ததைவிடக் காற்று அடர்ந்துவிட்டது. கலத்தின் இறக்கைகள், அதாவது சூரிய மின்தகடுகள், சூடேறிவிட்டன. பயப்படாதீர்கள், இங்கே கட்டுப்பாட்டு அறையிலிருந்தே அதன் பாதையைச் சற்று உயர்த்திவிட்டோம். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லோடோடு லாரியை இறக்கும்போது, "பிரேக்கையே மிதிச்சிக்கினு வந்தா சூடாயிடும்மா" என்பீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் காற்றுக்குள் போனால் கலத்திடமிருந்து பேச்சே இருக்காது. வெளியே வந்துதான் சிக்னல் தரும். அதுவரை என்னால் உட்காரவே முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன்.

இங்கே குளிர் ஜாஸ்தி. வீட்டில் இடித்த சுக்குத்தூள் அனுப்புங்கள். அங்கே மலையில் மழையாமே, லாரி பிரேக்கைப் பார்த்தீர்களா?

அடுத்த சுற்று வந்துவிட்டது, ஓடுகிறேன். மலை இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். செவ்வாயிலிருந்து கலமே கொடுக்கிறது, மலையடிவாரத்துச் சங்கராபுரத்திலிருந்து உங்களுக்கென்ன?