கழற்றாத முழுக்கைச் சட்டை

அக்கா,

இன்று காலை கொடியிலிருந்து நீ கொடுத்த சட்டையை எடுத்தேன். உன் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் போட்டுத் தேய்ந்த பழைய யூனிஃபார்ம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த மெஷின் ஆயில் வாடை போகமாட்டேன் என்கிறது. பாக்கெட்டுக்கு மேலே கம்பெனிப் பெயர் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பட்டையாகத் தெரிகிறது. அந்தப் பெயரை பிளேடால் நூல் நூலாகப் பிரித்தவள் நீ. "அவங்க பேர நான் எதுக்குச் சுமக்கணும்? எனக்கு வேண்டியது இந்த முழுக்கைதான்" என்றாய். நீ போன பிறகு மறுபடியும் வெயில் காலம் வந்துவிட்டது. இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது எனக்கும் புதிதில்லை. கோவில்பட்டிப் பக்கம் களை எடுத்த காலத்தில் நானும் போட்டவள்தான். மகனோடு ஓசூருக்கு வந்ததும் விட்டுவிட்டேன். இங்கே காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது, வேர்ப்பதே இல்லை, பிறகு சட்டை எதற்கு? மூக்கண்டப்பள்ளியில் அந்தக் கம்பெனியின் புல்தரையில் நாம் முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்கிய அன்று, "எங்க ஊரு வெயிலப் பாத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலாக்கா?" என்று பீற்றிக்கொண்டேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காத்துதான் பொண்ணே குளிருது. வெயிலு அதே வெயிலுதான்."

அறுபதைத் தாண்டியவளைப் பொண்ணே என்று கூப்பிடும் திமிர் உனக்கு மட்டும்தான் இருந்தது.

என் முன்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொரசொரப்பாக ஒன்று இருந்தது. காய்வது மாதிரி இருக்கும், பிறகு உரிந்து ரத்தம் கசியும். நான் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது நீ என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். "எத்தன மாசமா இருக்குது இது?" பொங்கலுக்கு முன்னாலிருந்தே என்றேன். அடுத்த லீவு நாளிலேயே என்னை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். வயது ஏற ஏறத் தோல் மெலிந்துவிடும், பல வருஷ வெயில் சேர்ந்து செய்த வேலை இது, விட்டிருந்தால் கெட்ட கட்டியாக மாறியிருக்கும் என்று சொல்லி அங்கிருந்த டாக்டரம்மா அதை எடுத்துவிட்டார். இனி கை, கழுத்து, காது எல்லாவற்றையும் மூடிக்கொண்டுதான் வெயிலில் இறங்க வேண்டும், ஆறாத புண் எங்கே வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்றார். பூசிக்கொள்ள ஒரு ட்யூபும் எழுதினார். நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது தோலுக்கும்மா. உச்சி வெயில்ல எங்கள உக்கார வெக்கறவனுக்கு என்ன மருந்து?" என்று கேட்டாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மறுநாள் வேலைக்கு வரும்போது உன் கையில் இந்தச் சட்டை இருந்தது.

அதன்பிறகு வந்ததே ஒரு கஸ்டமர் விசிட்! நம் சூப்பர்வைசர், அந்தக் கன்னடக்காரத் தம்பி, நம்மை வரிசையாக நிறுத்தினான். கம்பெனி கொடுத்த அரைக்கைக் கோட்டு மட்டும்தான் இருக்க வேண்டுமாம், அதற்கு அடியில் சட்டை தெரிந்தால் அசிங்கமாம். நீ அவனை மேலும் கீழும் பார்த்தாய். "நீ போட்டிருக்கறது முழுக்கைதான சார்? நீ ஏசி ரூம்புல இருக்கற, நாங்க வெயில்ல இருக்கறம். யாருக்கு வேணும் முழுக்கை?" அவன் முகம் சிவந்து கழற்றச் சொல்லிக் கத்தினான். கர்நாடக எல்லையோர அஞ்செட்டிக்காரியான உனக்குக் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. அவன் பாஷையிலேயே, சத்தம் போடாமல் சொன்னாய்: "ஆகல்லா."

முடியாது என்று அர்த்தமாம். சட்டையைக் கழற்றாத நம் இருவரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பியபிறகு, எதிரே பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்து ராகிக் களியைப் பிட்டுக்கொண்டே நீ சொல்லித்தந்தாய். கார்கள் உள்ளே போவதை அன்று முழுக்க வேடிக்கை பார்த்தோம். மறுநாள் ஆள் போதாமல் அவனே கூப்பிட்டான். நாம் சட்டையோடுதான் போனோம்.

மார்கழியில் ஒரு விடியற்காலை உன் நெஞ்சு நின்றுபோனது. அஞ்செட்டியில் உன்னைக் குளிப்பாட்டும்போது நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். காலமெல்லாம் வெயிலில் உழைத்தவளின் கையா இது என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். தோள் நிறமும் மணிக்கட்டு நிறமும் ஒன்றாக இருந்தன. எனக்கு அழுகையோடு அழுகையாக ஒரு கர்வமும் வந்தது அக்கா.

இன்று மறுபடியும் விசிட். மறுபடியும் வரிசை. அதே தம்பி, இப்போது கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான். நேராக என்னிடம் வந்தான்.

"சட்டைய கழட்டும்மா. இல்லன்னா நாளையிலிருந்து வரவேணாம்."

பக்கத்தில் நீ இல்லை. இந்த வேலை போனால் மருமகள் முகம் எப்படியிருக்கும் என்பது மனதில் ஓடியது. பொத்தானைக் கழற்றினேன், மணிக்கட்டுப் பொத்தானை மட்டும். முழங்கை வரை சுருட்டி அந்தத் தழும்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது வெயிலு போட்டது சார். இன்னொண்ணு போட விடமாட்டேன்." பிறகு கையை இறக்கிப் பொத்தானை மாட்டிக்கொண்டு சொன்னேன்: "ஆகல்லா."

கோவில்பட்டி நாக்கில் அது எப்படி விழுந்ததோ தெரியாது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கேட்டைக் காட்டினான். நான் நம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் நின்ற நாகரசம்பட்டி மங்கம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உடம்பிலும் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது.

நாளைக்கும் போவேன் அக்கா. உள்ளே விட்டால் புல்தரை, விடாவிட்டால் பஸ் ஸ்டாப். எங்கே உட்கார்ந்தாலும் இந்தச் சட்டையோடுதான் உட்காருவேன்.