நாலு எண்பத்தெட்டா, அஞ்சு முப்பத்தெட்டா

13-11-91, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒர்க் ஷாப் போய்ச் சேர்ந்தேன். அப்படியும் ஃபோர்மேனுக்கு முன்னால் நான்தான்.

டைப் அடித்த பில்: ஒன்பது. ரிப்பன் மங்கல். புதுசு கேட்கணும்.

பதினோரு மணிக்கு டெம்போவில் ஒரு ஜீப்பின் இரண்டு ஆக்சிலும் வந்து இறங்கின. ஜீப் வரவில்லை. வடக்குப்பட்டில் கல் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். மண் பரிசோதனைக்காரர்கள் வண்டி. மண்ணைத் துளைக்கிற போர் மிஷினை இழுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறது. கடைசியில் பின் ஆக்சிலில் பல்லே உடைந்துவிட்டது. வாரம் ஒரு முறை மெட்ராசுக்கும் போய் வரவேண்டும். சேற்றிலும் இழுக்கணும், ரோட்டிலும் ஓடணும்.

ஆக்சிலுக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. பழைய ஜோடியின் பல் எண்ணிக்கை 47-க்கு 11. அதாவது 4.27. மெட்ராஸ் புதுப்பேட்டைக் கடைகளில் கிடைக்கிற வேறு ஜோடிகள் இரண்டு. 39-க்கு 8, அது 4.88. 43-க்கு 8, அது 5.38. முன்னாலும் பின்னாலும் ஒரே எண் போடணும், இல்லாவிட்டால் இரண்டு ஆக்சிலும் சண்டை போட்டுக்கொள்ளும்.

ஃபோர்மேன் தனபால் கையைக்கூடத் துடைக்கவில்லை. "அஞ்சு முப்பத்தெட்டு போட்டுடலாம் மொதலாளி. சும்மா இஸ்துகினு போவும்."

டைப்ரைட்டரை விட்டு எழுந்து போனேன். "கணக்குப் போட்டுப் பாத்துட்டு சொல்லலாமே சார்." பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மெக்கானிக்கல் படித்தது பில் அடிக்கவா?

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி புஷ்பா, நீயே போடு. சரியா வந்துச்சுன்னா இனிமே எல்லா ஆக்சிலுக்கும் கணக்கு உன்னுது. தப்பாச்சுன்னா அந்த டைப் மிஷினாண்டயே குந்திக்க. அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன்.  ஜீப்பின் ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டேன்.

14, வியாழன்

மழை விட்டது. காலை டீயோடு கணக்கு நோட்டு. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அருளுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட், பொழுது போகவில்லை.

"இன்னா, சக்கரத்துக்கு ஜாதகம் கணிக்கிறியா?"

சொன்னேன். எஞ்சின் பக்கத்துத் தண்டு 4.88 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் ஏற ஏற இழுவை கூடும், வேகம் குறையும்.

"அப்ப ஃபோர்மேன் சொல்றதுதான கரெக்டு? பெரிய நம்பரா போட்டுட்டுப் போயேன்."

"ஏரிக்குள்ளயே குடியிருந்தா போடலாம். மெட்ராஸ் போற வழியெல்லாம் எஞ்சின் கத்துமே, யாரு கேக்கறது?"

ஆர்.சி. புக்கில் உள்ள டயர் 6.00-16. ஒரு சுற்றுக்கு 89 அங்குலம்.
4.88: ரோட்டில் அலட்டாமல் அறுபது. சேற்றில் இழுவை ஏழில் ஒரு பங்கு கூடுதல். போதும்.
5.38: ஐம்பத்தைந்து தாண்டினாலே அலறல்.

மதியம் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினேன். தனபால்: "பேப்பர்ல ஏரி கீதாம்மா? சேறு கீதா?" ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொன்னார். ஆனால் முதலாளி 4.88-க்கு ஆர்டர் சொல்லிவிட்டார்.

16, சனி

புதுப்பேட்டையிலிருந்து ஜோடிகள் வந்தன, கிரீஸ் பேப்பர் பிரிக்காமல். திங்களன்று மாட்டுகிறார்கள். ரிப்பன் இன்னும் வரவில்லை. வரவே வேண்டாம், எனக்கு எதற்கு இனிமேல்?

17, ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து நேராக வடக்குப்பட்டு. அவர் அக்கா மகனுக்குப் பெயர் வைக்கிறார்கள். தெரு முனையில் அந்த ஜீப், ஆக்சில் இல்லாமல் கல் மேல். 'நம்ம வண்டி' என்று பெருமையாக இறங்கிப் பார்த்தேன். சக்கரங்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

டயரில் எழுதியிருந்தது 7.50-16.

நான் கணக்குப் போட்டது 6.00-க்கு. டிரைவர் அங்கேயே இருந்தார். "ஏரில எறங்க ஒசரமா இருக்கட்டுமேன்னு நாங்கதாம்மா மாத்திக்கினோம். ஆறு மாசம் ஆவுது. இன்னா ராசியோ, அப்பலேர்ந்துதான் ஏறவே மாட்டேங்குது."

ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை, டயர் பெரிதானால் இழுவை குறையும். நாத்தனார் ரவிக்கை தைப்பவர். அவருடைய டேப்பை வாங்கி வந்தேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நானே ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையை அளந்தேன். 98 அங்குலம்.

அருள்: "கோயிலுக்குக் கட்டிக்கின பொடவையில டயர் உருட்டற பொம்பளய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்கு. இந்த டயரில் 4.88 போட்டால் வெறும் 4.43 மாதிரிதான் இழுக்கும். 5.38 போட்டால்? 89-ஆல் பெருக்கி 98-ஆல் வகுத்தேன். 4.88. மூன்று தடவை போட்டேன். அதே 4.88.

என் கணக்கு சரி. ஆனால் அது கிடைக்க 5.38 மாட்டணும். கையைத் துடைக்காமல் தனபால் சொன்ன எண். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஆர்.சி. புக்கை நம்பினேனே, முட்டாள்.

திரும்பும் வழியில் அருளிடம் கேட்டேன், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று. "நீ சொல்லாம இருப்பியா?" என்றார். இருக்க மாட்டேன்.

18, திங்கள்

தூறல். ஏழரைக்கே போய்விட்டேன். தனபால் கிரீஸ் பேப்பரில் கை வைத்திருந்தார்.

"பிரிக்காதீங்க சார். அஞ்சு முப்பத்தெட்டுதான் போடணும். நான் தப்புப் பண்ணிட்டேன், டயர அளக்கல."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி, "கணக்கு கணக்குன்னு குதிச்சியேம்மா! இப்ப எங்க போச்சு உன் கணக்கு?"

 முதலாளி ஜோடிகளை மாற்றிக்கொண்டு வர ஆள் அனுப்பினார். பில் பதினான்கு அடித்தேன். புது ரிப்பன் மேசை மேல் இருந்தது.

22, வெள்ளி

ஏரியில் சோதனை. நல்ல வெயில், ஆனால் சேறு அப்படியே. ஜீப் போர் மிஷினோடு இறங்கியது, நின்றது, முக்கியது, ஏறிவிட்டது! கைதட்டல். நான்தான் முதலில் தட்டினேன். ரோட்டிலும் அறுபது, அலறல் இல்லை.

தனபால் மார்பைத் தட்டிக்கொண்டார். "மொத நாளே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. டயர் பெருசுன்னு தெரிஞ்சா சார் சொன்னீங்க?"

"டயரா? அதுல இன்னா கீது?"

குச்சியால் சேற்றில் எழுதினேன். 89. 98. குனிந்து பார்த்தார். "அப்ப டயரு பழசாவே இருந்திருந்தா?"

"நாலு எண்பத்தெட்டுதான் சார்."

தனபால் பீடி பற்ற வைத்துக்கொண்டு கரை மேல் ஏறிப் போய்விட்டார். முதலாளி, "நாளைக்கு பில்லு நெறைய இருக்குது" என்று மட்டும் சொன்னார். போகட்டும். வண்டி ஏறியது, அது என் கணக்கு. பஸ்சில் வரும்போது நாத்தனார் டேப் என் பையிலேயே இருப்பதைப் பார்த்தேன். திருப்பித் தரணும்.

25, திங்கள்

மேகமூட்டம். காலையிலேயே ஒரு டெம்போ. கல் குவாரி ஜீப்பின் ஆக்சில்கள். நான் தலை நிமிராமல் பில் அடித்துக்கொண்டிருந்தேன், மூன்றாவதில் இரண்டு தப்பு.

தனபால் குரல்: "ஆக்சில எறக்கறது இருக்கட்டும். டயரு இன்னா அளவு?"

டெம்போக்காரர்: "ஆர்.சி. புக்குல கீது சார், இந்தாங்க."

"அத்த மூடி உள்ள வெய்யி. வண்டி எங்க நிக்கிது, அத்தச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "புஷ்பா, அந்த தையக்காரம்மா டேப்பு வெச்சிருக்கியா?"

முதலாளி என் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  பாதி அடித்த பில்லை உருவி எடுத்துவிட்டு டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டார்.