புல்லுதான் சரக்கு

சித்திரை, வியாழன் இரவு

என் புல்தரையின் ஓரத்தை மாரியம்மாள் இன்று மண்வெட்டியால் செதுக்கிவிட்டாள். விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை இல்லாத நாட்களில் தோட்டத்துக்கு வருகிறவள். களை எடுக்கத்தான் சொன்னேன்.

"காஞ்ச புல்லை விட்டு வைக்கலாமாம்மா? ஒரு பொறி போதுமே. பட்டாசுக் கம்பெனியில மருந்து அடைக்கிற செட்டைச் சுத்தி ஒத்தப் புல்லு நின்னாலும் போர்மேன் ஏசுவாரு."

"இங்க புல்லுதான் சரக்கு மாரியம்மா."

"புல்லையா விக்கப் போறீக? வாங்குறவுக எத்தனை மாடு வச்சிருக்காக?"

சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. திட்டி அனுப்பினேன்.

தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காத புல்லைப் பாயாகச் சுருட்டி வீடுகளுக்கு விற்றுக் காட்டுவேன் என்று தம்பியிடம் சவால் விட்டிருக்கிறேன். அது பழுப்பானதிலிருந்து, செத்துவிட்டதோ என்று எனக்கே பயம். தண்ணீரில்லாமல் கோடையைத் தாங்குகிறதா என்பதுதான் சோதனை; இப்போது தண்ணீர் விட்டால் அது கெட்டுவிடும்.

செதுக்கியதை அள்ளப் போனேன். உதிரவில்லை. ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அடியில் வேர்கள் வெள்ளையாகப் பின்னிக் கிடந்தன. தண்டை நகத்தால் கீறினேன்; உள்ளே பச்சை. நடுப்பகுதியும் இப்படித்தான் இருக்குமா?

நாளை அங்கேயும் ஒரு துண்டு செதுக்க வேண்டும். என் கையில் அந்த வலு இல்லை. மாரியம்மாளிடம் எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் யோசிக்கிறேன்.