கெசியா சொன்ன சாட்சி

21 ஏப்ரல் 2024, ஞாயிறு

ஞாயிறு பள்ளிக்குப் பதினேழு பிள்ளைகள். தகரக் கூரைக்குக் கீழே அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாட்டோடு முடித்து அனுப்பிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஜெபக்கனி என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பையிலிருந்து ஒரு தடித்த கதைப் புத்தகத்தை எடுத்தாள். மகள் கெசியாவுக்கு அவள் சித்தப்பா மதுரையிலிருந்து வாங்கி வந்ததாம். அட்டையில் ஒரு சிறுமி கையை நீட்டுகிறாள். விரல் நுனியில் நெருப்பு.

"உள்ள பூராவும் மந்திரம் டீச்சர். இதைப் பிள்ளைக படிக்கலாமா? பாஸ்டர்ட்ட கேட்டேன். தங்கச்செல்வி டீச்சர் படிச்சுப் பாத்துச் சொல்லட்டும்னுட்டாக."

வாங்கி வந்திருக்கிறேன்.

24 ஏப்ரல், புதன்

படித்து முடித்தேன். நேற்று உலையில் அரிசி குழைந்துபோனதுகூடத் தெரியாமல் படித்தேன் – இதை யாரிடம் சொல்ல?

அந்தச் சிறுமி வறண்ட கண்மாயை மந்திரம் சொல்லி நிரப்புகிறாள். நிரம்பிய அன்றிலிருந்து ஊரே அவளைக் கண்டு பயப்படுகிறது. யாரும் அவளோடு விளையாட வருவதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மந்திரவாதம் கூடாதென்று வேதத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதே வேதத்தில் மரங்கள் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன. ஊராருக்கு உறைக்க வேண்டுமென்று ஒருவன் கட்டிச் சொன்ன கதை அது. கேட்டவர்கள் யாரும் மரம் பேசுமென்று நம்பிக் கெட்டுப்போகவில்லை. ஆனால் கெசியாவைப் போலப் பன்னிரண்டு வயதில் எது கட்டியது, எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா? பாலவனத்தம் பள்ளியில் நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பையன், கதையில் பறந்தவனைப்போல மாட்டுக்கொட்டகை மேலிருந்து குதித்துக் கையை ஒடித்துக்கொண்டான். அதே கதையைக் கேட்ட மற்ற முப்பத்தொன்பது பேரும் குதிக்கவில்லை. இதில் எதை உதாரணமாக எடுப்பது?

27 ஏப்ரல், சனி

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஜெபக்கனி முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எனக்கில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்திய வாய்க்கு அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது.

30 ஏப்ரல், செவ்வாய்

பாஸ்டர் வந்திருந்தார். புத்தகத்தை விட்டுவிட்டதைக் கெசியா வரும் ஞாயிறு சபையில் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையென்று சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். நான் தயார் செய்ய வேண்டுமாம்.

சாயங்காலம் கெசியா வந்தாள். "அம்மா கேட்டாங்க, குடுத்துட்டேன். அவ்வளவுதான டீச்சர்?"

"அது சாட்சி இல்லம்மா, செய்தி. ஒரு உதாரணம் வேணும். படிச்சப்போ என்ன நடந்துச்சு, விட்டப்புறம் எப்படி இருக்கு – கேக்குறவுக மனசுல நிக்கணும்ல?"

அவள் கேட்டாள்: "பயந்த மாதிரி சொல்லவா?"

ஆமாம் என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. "நீயே யோசிச்சு எழுதிட்டு வா" என்றேன். உண்மையிலேயே பயந்திருக்கலாம் அல்லவா?

5 மே, ஞாயிறு

கெசியா இன்று சாட்சி சொன்னாள்.

எழுதி வந்ததை முன்கூட்டி வாங்கிப் பார்க்காதது என் தவறு. மைக்கைப் பிடித்தாள். புத்தகத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மூன்று தடவை கையும் காலும் இழுத்துக்கொண்டதாம். வாயில் நுரை. நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். புத்தகத்தை விட்ட அன்றே நின்றுபோனதாம், ஒரு மாத்திரைகூட இல்லாமல்.

சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. அவள் அப்பா செல்வக்குமார் தேம்பி அழுதார். ஜெபக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே தெரியாமக் கெடந்து தவிச்சுருக்கா பாருங்க டீச்சர்" என்றாள். பிறகு வேப்பமரத்தடியில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். எல்லாவற்றையும் யாரோ போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்ததா? இல்லை. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசியது பேச்சுப்போட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை.

9 மே, வியாழன்

காரியாபட்டியில் இருக்கும் என் தங்கைக்கும் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் போய்விட்டது. "ஒங்க சபைப் பிள்ளையாக்கா?" என்று பெருமையாகக் கேட்கிறாள்.

14 மே, செவ்வாய்

கெசியா வந்தாள். உட்காரும் முன்பே கேட்டாள்: "டீச்சர், உதாரணம் நல்லா இருந்துச்சா?"

"அது நடந்துச்சாம்மா?"

என்னைப் புரியாமல் பார்த்தாள். எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்திக்கு அப்படி வருமாம், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும்போது பார்த்திருக்கிறாளாம். "நீங்கதான மனசுல நிக்கணும்னீங்க?"

கதைப் புத்தகம் படிக்கும்போது அது கதையென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கதையை நடந்ததாகச் சொல்ல அவளுக்கு வழி காட்டியது நான்.

சனிக்கிழமை திருச்சுழிக் கூட்டத்தில் அவள் மறுபடியும் பேச வேண்டுமாம். பாஸ்டர் நோட்டீஸே அடித்துவிட்டார். இன்றே போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

16 மே, வியாழன்

போகவில்லை. சொன்னால் பிள்ளைக்குப் பொய்க்காரி என்ற பெயர். அவளுக்காகத்தான் தயங்குகிறேனா? எனக்காகவா?

18 மே, சனி

திருச்சுழியிலிருந்து இப்போதுதான் வந்தேன். மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

போன தடவையைவிட நன்றாகச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் சங்கரம்மாள் என்று ஒரு பெண், எட்டொன்பது வயது மகளோடு மேடைக்குப் பக்கத்தில் பாஸ்டரிடம் வந்தாள். மகள் பெயர் சுவாதி. அவளுக்கு உண்மையிலேயே வலிப்பு. மூன்று வருஷமாக மாத்திரை.

"போன்ல பாத்தேங்கய்யா. இவளும் எந்நேரமும் பேய்க்கதை, மாயக்கதை. அம்புட்டையும் எரிச்சுட்டேன். மாத்திரையும் நிறுத்தி ஆறு நாளாச்சு. இன்னும் வரலை. இந்தப் பாப்பா தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணுச்சுன்னா –"

கெசியா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. எத்தனை நொடி? அந்த நொடிகளை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"ஆன்ட்டி, மாத்திரையைக் குடுங்க" என்றாள் கெசியா. "எனக்கு அப்படியெல்லாம் வரவே இல்ல. நான் சும்மா சொன்னேன்."

பாஸ்டர் சிரித்துச் சமாளித்தார். "பாப்பா களைச்சுப் போயிருச்சு."

சங்கரம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஸ்டர் சொல்வதைத்தான் நம்பப் போகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"பிள்ளை சொல்றதுதாம்மா நெசம். அப்படிச் சொல்ல வச்சது நான். அவ டீச்சர்."

"அப்ப அந்தப் புஸ்தகம் தப்பில்லையா?"

"அது எனக்குத் தெரியலம்மா. மாத்திரை தப்பில்ல. இப்பவே டாக்டருக்குப் போன் போடு."

போட்டாள். போனில் டாக்டர் திட்டியது எனக்கே கேட்டது. பஸ் ஸ்டாண்டில் செல்வக்குமார் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஏறும்போது மட்டும், "ஊருக்கே உத்தமின்னு பாத்த பிள்ளைய இப்படி நிறுத்திட்டீங்களே" என்றார்.  அவர் சொன்னது சரி.

26 மே, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. 

வெளியே வந்ததும் பாஸ்டர், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க டீச்சர். பிள்ளைகள வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

29 மே, புதன்

சங்கரம்மாள் போன் செய்தாள். கூட்டத்துக்கு மறுநாள் காலையில் சுவாதிக்கு ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டதாம். உதட்டில் தையல். மாத்திரை மறுபடி தொடங்கிய பிறகு வரவில்லையாம். நான் கூட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்தத் தையல் இல்லை.

வைக்கும் முன் சொன்னாள்: "கதைப் புஸ்தகம் கேட்டு ஒரே அழுகை டீச்சர். எரிச்சது நான்தான. எது வாங்கலாம்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்து ஒண்ணு குடுங்களேன்."

என்னையா கேட்கிறாள்?

3 ஜூன், திங்கள்

கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். நீதிக்கதைகள், தலைவர்கள் வாழ்க்கை – எல்லாம் யாரும் குறை சொல்லாதவை. எடுத்தேன், வைத்தேன். ஒன்பது வயதில் என்ன பிடிக்கும் என்று எனக்கு மறந்துபோய்விட்டது. ஜெபக்கனிக்குப் போன் செய்து, கெசியாவை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எதற்கென்று கேட்டாள், சொன்னேன். பிறகு, "தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாரேன்" என்றாள்.

8 ஜூன், சனி

மூவரும் திருச்சுழிக்குப் போய் வந்தோம். செல்வக்குமார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம்.

புத்தகம் கெசியா தேர்ந்தெடுத்தது. மலைக்குள் அடைபட்ட மேகங்கள், அவற்றைப் பூட்டி வைத்த மந்திரவாதி, சாவி தேடிப் போகும் இரண்டு பிள்ளைகள். வியாழன் வெள்ளி இரண்டு நாளும் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். சரியா தப்பா என்று இப்போதும் அடித்துச் சொல்லத் தெரியவில்லை. சுவாதிக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

போகும்போது பஸ்ஸில் புத்தகம் ஜெபக்கனி மடியில் இருந்தது. பாதி வழிவரை அவள் அதைத் திறக்கவில்லை. பிறகு நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொஞ்சம் படித்தாள்.

"இதுல மந்திரவாதி ஜெயிச்சுருவானா டீச்சர்?"

நான் பதில் சொல்லும் முன் ஜன்னலோரத்திலிருந்து கெசியா சொன்னாள்: "நடுவுல கொஞ்ச நேரம் ஜெயிப்பான்மா."