தவக்காலத்தில் கமிட்டி கூடுவதில்லை

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் வாழ்க்கையின் அடுத்த நாற்பது நாட்களை நிர்ணயிக்கும் முடிவொன்றை எடுத்தேன். ஈஸ்டர் வரை வினோத்ராஜின் பெயரை வாயால் சொல்வதில்லை, கையால் எழுதுவதுமில்லை. இதுவே கடைசி. வழக்கமாகத் தவக்காலத்தில் நான் விடுவது ஆட்டுக்கறி. அதை விடுவது எளிது. நாற்பது நாள் கழித்துப் போனாலும் அதே கடையில் தொங்கும்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் புனித மிக்கேல் கூடைப்பந்துக் கழகத்தின் பதினொன்றாம் எண் ஆட்டக்காரன் கொச்சிக்குப் போகிறான். அங்கே ஒரு நிறுவனம் தன் அணிக்கு ஆடச் சொல்லி, நிரந்தர வேலையும் கொடுக்கிறது. மற்ற ஊர்களில் இதை நல்ல செய்தி என்பார்கள். இங்கே, மூன்று வருடமாக மே மாதப் போட்டியில் அல்லிநகரத்து அணியை நாங்கள் தோற்கடித்து வருவது அவன் ஒருவனால்.

நான் கழகத்தின் செயலாளர். பதினோரு வருடமாக எல்லா ஆட்டத்துக்கும் புள்ளித்தாள் எழுதுகிறவன். எனக்கு இந்தச் செய்தி இன்று பூசைக்குப் போகும் வழியில், மலைச்சாமியின் டீக்கடையில் கிடைத்தது.

"செயலாளருக்கே தெரியாதா?" என்றார் மலைச்சாமி.

"தெரியும்" என்றேன். தவக்காலத்தின் முதல் பொய், காலை ஏழே காலுக்கு.

மார்ச் 7, வெள்ளி

கிருபாவதி கேட்டாள்: "பேரச் சொல்லலேன்னா எப்படித்தான் குறிப்பிடுவீக?"

"அவன்னு சொல்லுவேன்."

"ஊர்ல பாதிப் பேரு அவன்தான்."

மனைவிமார் நோன்புகளை ஆராயக் கூடாது என்று ஒரு விதி வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

டீக்கடைச் சுவரில் மூன்று வருடமாக ஒட்டியிருந்த அவனுடைய பத்திரிகைப் படத்தை மலைச்சாமி உரித்துவிட்டார். இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.

"தண்ணிய அங்கன கேரளாக்காரன்கிட்ட கேட்டு வாங்குறோம். ஆள இங்கன இருந்து சும்மா அனுப்புறோம்" என்றார். "நல்ல ஒப்பந்தம்யா."

எல்லோரும் தலையாட்டினோம். பெஞ்சில் இருந்த ஒருவர், அவனுக்கு ப்ரீ த்ரோ போடவே வராது என்றார். இன்னொருவர், போன வருடமே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். என் தாளின்படி நூறு ப்ரீ த்ரோவுக்கு எண்பத்தாறு உள்ளே போயிருக்கிறது. தாளை நான் எடுத்துப் போயிருக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நூலகத்துக்கு அவன் வந்தான். என் பிழைப்பு அங்கேதான், கிளை நூலகர். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருவது அவனுக்குப் பழக்கம். கையில் ஒரு விண்ணப்பமும் ஒரு துணிப்பையும்.

அவனை விடுவிப்பதில் ஆட்சேபம் இல்லை என்று கழகம் முத்திரையோடு கடிதம் தர வேண்டும். அசல் கடிதம் ஏப்ரல் 15 மாலைக்குள் கொச்சியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும்.

பையில் பதினொன்றாம் எண் பனியன் இருந்தது. துவைத்து, தேய்த்து, மடித்தது.

"கழகத்துப் பொருளு மாமா. அம்மா குடுத்துட்டு வரச் சொன்னுச்சு."

"வையி."

"மாமா, நான் மொதல்லயே ஒங்ககிட்ட..."

"இது நூலகம்" என்றேன். அப்போது உள்ளே இருந்தது நானும், செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்ததும் தலைவர் சூசைமுத்து அண்ணனிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். திராட்சைத் தோட்டக்காரர். தாளையும் கொத்தைப் போலவே நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்.

"கமிட்டி கூடித்தான குடுக்கணும்?"

"ஆமாண்ணே. ஏழு பேரும் கையெழுத்துப் போடணும்."

"தவக்காலத்துல கமிட்டி கூடுறதில்லையே."

"அது ஒரு வழக்கந்தாண்ணே."

"வழக்கத்த மீறச் சொல்றியா? சாமி பாடுபட்ட காலத்துல?"

இந்த வழக்கம் பிறந்த கதையை எழுதிவைக்கிறேன். 1987 தவக்காலக் கூட்டத்தில் ஒரு நாற்காலி பறந்து அப்போதைய தலைவரின் காதில் பட்டது. அதிலிருந்து இந்தக் காலத்தில் கூடுவதில்லை. 2019இல் மட்டும், போட்டி விருந்துக்கு ஆடா கோழியா என்று தீர்மானிக்க, தவக்கால வெள்ளிக்கிழமையிலேயே கூடினோம். ஆடு என்று முடிவாயிற்று.

இதை நான் அண்ணனுக்கு நினைவுபடுத்தவில்லை. வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன்: 'தங்கள் விண்ணப்பம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 27 அன்று கனிவுடன் பரிசீலிக்கப்படும்.' கனிவுடன் என்ற சொல் நான் சேர்த்தது.

மார்ச் 23, ஞாயிறு

இவ்வளவு பக்தியான தவக்காலத்தை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு நிற்க இடமில்லை. எங்கள் கோயிலுக்குள் இதுவரை கால் வைத்திராத மலைச்சாமிகூட, "நோன்பு நாள்ல கூட்டம் போட்டா ஊருக்கு ஆகாதுங்க" என்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

பீரோவைத் துடைத்தேன். கழகத்தின் விதிமுறைப் புத்தகம் கையில் பட்டது.

விதி 9: கமிட்டி கூட இயலாத காலத்தில், ஆட்டக்காரரின் நலன் கருதி, செயலாளர் தனித்துக் கையெழுத்திட்டுக் கடிதம் வழங்கலாம்.

2014இல் இதை எழுதியவன் நான். கமிட்டியில் வேறு யாரும் இந்தப் புத்தகத்தைத் திறந்ததில்லை. இருந்த இடத்திலேயே வைத்தேன். அதன் மேல் முத்திரை, அதன் மேல் பனியன்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைதான வாசலில் கழகத்தின் பேனர் இருக்கிறது. மேலே வானதூதர் மிக்கேல் சம்மனசு, கீழே ஐந்து ஆட்டக்காரர்கள். அதைக் கிழிப்பது என்று போன மாதமே பேசினார்கள். சம்மனசு வாளோடு நிற்பதால் யாரும் முன்வரவில்லை.

இன்று கோயிலில் வழக்கம்போல் புனிதர்களின் சுருபங்களை ஊதாத் துணியால் மூடினார்கள். மீந்த துணியில் ஒரு முழம் எடுத்து, பேனரில் அவன் முகத்தை மட்டும் யாரோ மூடியிருக்கிறார்கள். நாலு மூலையிலும் தையல். அவசரத்தில் செய்த வேலை இல்லை.

பங்குச் சாமியார் நின்று பார்த்தார். "சுருபத்தோட சேத்துட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவனும் பார்த்திருப்பான். தினமும் மாலை அந்த வாசல் வழியாகத்தான் பந்தோடு போகிறான். இப்போதெல்லாம் அவனோடு ஆட யாரும் வருவதில்லை. தனியாகக் கூடையில் போட்டுத் தனியாகவே எடுத்துக்கொள்கிறான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மதலேனாள், அவனுடைய அம்மா. சூசைமுத்து அண்ணன் தோட்டத்தில்தான் பழம் வெட்டுகிறாள். கையில் ஓலையில் மடித்த சிலுவை.

"லெட்டரு கேக்க வரலண்ணே."

"உக்காரும்மா."

உட்காரவில்லை. "அவன் ஒங்ககிட்ட மொதல்ல சொல்லலேன்னு மனசுல வச்சிருக்கீகன்னு சொன்னாக."

"யாரு?"

அவள் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. உள்ளே கிருபாவதி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.

"பொங்கலன்னைக்கு ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்ல வந்தான். நீக தாளெல்லாம் பரப்பி போன வருசத்துல அவன் போட்ட புள்ளியக் கூட்டிக்கிட்டு இருந்தீகளாம். கணக்குத் தப்பிப்போயிரும், அப்பறம் வாடான்னு சொன்னீகளாம்."

ஞாபகம் இருக்கிறது. 614 வந்தது.

அப்புறம் அவன் வரவில்லை. நான் கூப்பிட்டேனா? இல்லை.

"வேல கெடச்சா நீ வெயில்ல நிக்க வேணாம்னு சொல்றான். எனக்கு வெயிலு பழகிப்போச்சுண்ணே. அவனுக்குப் பழக வேணாம்னு பாக்குறேன். அம்புட்டுத்தான்."

ஓலைச் சிலுவையைக் கதவு இடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று, விடுமுறை. காலையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். விதி 9இன்படி. கையெழுத்து, தேதி, முத்திரை. முத்திரை நன்றாக விழுந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் மாலையில் மைதானத்தில் இருப்பான். கையில் கொடுத்துவிட்டால் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து, குமுளி வழியாக விடிவதற்குள் கொச்சி போய்விடலாம்.

ஆறு மணிக்குப் புறப்பட்டேன். மைதானத்துக்கு முன்னால் டீக்கடை. பத்துப் பேர் இருந்தார்கள்.

"வாங்க செயலாளரே" என்றார் மலைச்சாமி. "இவருதாய்யா ஆளு. அவன் ஆத்தாளே வந்து நின்னும் அசையலையே."

"ரோசக்காரரு" என்றது இன்னொரு குரல்.

"ஏலே, தள்ளி உக்காருங்கடா."

பெஞ்சில் நடுவிடம் கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் அந்த இடம் எனக்குக் கிடைத்ததில்லை. டீ வந்தது. நன்றாக இருந்தது. இன்னொன்று வந்தது, அதையும் குடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழேகாலுக்கு நின்றது.

அவன் வெளியே வந்து எங்களைப் பார்த்தான். பெஞ்சு முழுவதும் வேறு பக்கம் பார்த்தது. நடுவில் இருந்தவனும்.

எந்திரிச்சுப் போயிக் குடுத்திருக்கலாம்ல. இருபதடி இருக்குமா? என்ன பண்ணியிருப்பாங்க — டீ தர மாட்டாங்க, அவ்வளவுதான. அதுக்கா?

நாளைக் காலை ஐந்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நூலகத்தில் நாற்பத்திரண்டு புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன். ஐந்து மணிக்குப் பூட்டினேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கிருபாவதி சட்டையை நனைத்துவிட்டாள். பைக்குள் இருந்ததைக் கிழியாமல் பிரித்து, கொடியில் காயப்போட்டாள். காய்ந்த பிறகு படித்தாள்.

"பதினாலாந் தேதி போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா."

முத்திரை மை இறங்கிச் சட்டைப் பையில் ஊதாக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சுருபங்களின் துணியை எடுத்தார்கள். பேனரிலும் எடுத்துவிட்டார்கள்.

நோன்பு முடிந்தது. வினோத்ராஜ். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மதியம் ஆட்டுக்கறி.

ஏப்ரல் 27, ஞாயிறு

கமிட்டி கூடியது. ஏழு பேரும் வந்திருந்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஏகமனதாக முடிந்தது. 'மனமார்ந்த வாழ்த்துகளுடன்' என்று சேர்க்கலாம் என்றார் சூசைமுத்து அண்ணன். சேர்த்தேன்.

"எல்லாம் முறைப்படி நடந்துச்சுல்ல?"

"முறைப்படிதாண்ணே."

வினோத்ராஜைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தோம். தேதி தாண்டிப்போனது அந்த அறையில் எட்டுப் பேருக்கும் தெரியும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றி மாமா" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள்.

மே 3, சனி

கொச்சியிலிருந்து பதில். இரண்டே வரி. அந்த இடத்துக்குப் பட்டியலில் அடுத்திருந்தவர் சேர்ந்துவிட்டார்.

மே 5, திங்கள்

டீக்கடைச் சுவரில் படம் திரும்ப வந்திருக்கிறது. வெள்ளைச் சதுரத்தில் சரியாகப் பொருந்துகிறது. மலைச்சாமி அதைக் கிழித்துப் போடாமல் மடித்து வைத்திருந்திருக்கிறார்.

"வந்துட்டான்ல. மண்ணு விடாதுய்யா" என்றார்.

பெஞ்சில் எனக்கு ஓர இடம். அவன் ப்ரீ த்ரோ போடும் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மே 9, வெள்ளி

பனியனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதலேனாள் வாங்கிக்கொண்டாள். ஓலைச் சிலுவை இன்னும் எங்கள் கதவில் இருக்கிறது, காய்ந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

இறுதி ஆட்டம். மிக்கேல் கழகம் 74, அல்லிநகரம் 69. வினோத்ராஜ் 33. ப்ரீ த்ரோ ஒன்பதுக்கு ஒன்பது. தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். அவன் உயரத்துக்குத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டது. நான் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

கீழே இறக்கிவிட்ட பிறகு சூசைமுத்து அண்ணன் அவன் முதுகில் தட்டினார். "நம்ம பய சும்மா இருக்கக் கூடாதுய்யா. நான் பாத்துக்கிறேன்."

மே 21, புதன்

திங்கள் முதல் வினோத்ராஜ் சூசைமுத்து அண்ணன் தோட்டத்தில் திராட்சைப் பெட்டி ஏற்றுகிறான். காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை. லாரியின் மேல் அடுக்குக்கு இப்போது ஏணி வைப்பதில்லை.