மேஜைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு. ஒருத்தி என் மடிப்பு மேஜைக்கு. "உங்களுக்கு ஒத்தாசைக்குத்தான்" என்றார் மேனேஜர். ஒத்தாசை வேண்டுமென்று நான் எப்போது கேட்டேன்? பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் விரிப்புகளை மடிப்பது நான் ஒருத்திதான்.

வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். கை இடிக்கும், எதிர்ப்பக்கம் போ என்று சைகை காட்டினேன். போனாள். கை ஒன்றும் இடிக்காது. நான்கு பேர் தாராளமாக நிற்கலாம்.

மார்ச் 5

அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள். கண்கொத்திப் பாம்பு தோற்றது. இனி அவள் பெயர் கண்கொத்தி.

மார்ச் 11, செவ்வாய்

இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். பழைய ஆட்களில் இரண்டு பேரைக் குறைக்கப் போகிறார்களாம். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதைதான். பாத்துக்கோ" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடுமோ என்று பயமா?

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "நீ என்ன பொறக்கும்போதே மடிச்சுக்கிட்டு வந்தியா? யாரோ சொல்லிக் குடுத்தாங்கதானே" என்றார். பஸ் டிப்போவில் இவருக்கு இஞ்சினோடு மட்டும்தான் பேச்சு. மனுஷ சூது இவருக்கு எங்கே புரியும்?

மார்ச் 14

ஓய்வறையில் மூன்று பேரும் அவர்கள் மொழியில் பேசிச் சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள். என்னைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி?

மார்ச் 19, புதன்

இன்று மறுபடி என் பக்கம் வரப் பார்த்தாள். "அக்கா, இங்க நின்னா நல்லா தெரியும்" என்றாள். நம் பேச்சை வேகமாகத்தான் பிடித்துக்கொள்கிறாள். முழங்கையை அகட்டி வைத்தேன். புரிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

மத்தியானம் மேனேஜர் வந்து அவள் அடுக்கைத் தட்டிப் பார்த்து, "அப்படியே உங்க கை" என்றார். அவர் போனபின் அடுக்கைப் பார்த்தேன். கடைசி முனை இடப்பக்கம் வந்திருக்கிறது. வலப்பக்கம்தான் வரவேண்டும். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் பார்க்காமலே வலக்கையால் அந்த முனையைப் பிடித்துப் பிரிப்பாள். அங்கே முனை இல்லையென்றால் கை உள்துணியில் படும். கிருமி நீக்கிய பொட்டலம் மொத்தமும் வீண்.

இத்தனை கூர்மையாகப் பார்த்தும் புத்தியில் ஏறவில்லையே என்று நினைத்தேன். சொல்லவில்லை. கெட்டிக்காரிதானே, தானே கண்டுபிடிக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

தியேட்டரிலிருந்து பதினோரு பொட்டலங்கள் திரும்பி வந்துவிட்டன. மடித்தவர் பெயர் போட்டு ஒட்டும் சீட்டு எல்லாவற்றிலும் அவளுடையது. ஒரு நோயாளியை மேஜையில் படுக்க வைத்துவிட்டு, வேறு பொட்டலம் வரும்வரை காத்திருந்தார்களாம். கெட்டதாக ஒன்றும் நடக்கவில்லை.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கண்கொத்தி வெறும் காற்றில் மடித்துக் காட்டி, "அக்கா இப்படி" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லித் தரல சார்" என்றேன். உண்மைதானே. நான்தான் எதையுமே சொல்லித் தரவில்லையே.

அவளை நிறுத்திவிட்டார்கள். இந்த வேலையை வைத்துத்தான் அவளுக்கு இந்த நாட்டில் அனுமதி. முப்பது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போகவேண்டும்.

மார்ச் 25

இஸ்திரிக்காரி எனக்கு டீ வாங்கி வந்தாள். "ஒருத்தி ஒழிஞ்சா" என்றாள். குடிக்கப் பிடிக்கவில்லை. என்ன, நானா போகச் சொன்னேன்? தப்பாக மடித்தது அவள். சீட்டு அவளுடையது. பிறகு ஏன் அந்த டீயைத் தொட்டியில் கொட்டினேன்?

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் இவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டது ஒன்றே ஒன்று: "அவ எங்க நின்னு கத்துக்கிட்டா?"

"எதிர்லதான். அதுக்கென்ன?"

படுக்கை விரிப்புகள் இரண்டை எடுத்துவந்து ஒன்றை என்னிடம் தந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மடி என்றார். நான் மடிக்க மடிக்க என் கையைப் பார்த்தே மடித்தார். முடித்ததும் தன்னுடையதை என் பக்கம் திருப்பி வைத்தார். முனை இடப்பக்கம்.

"நீ செஞ்சதத்தான் நானும் செஞ்சேன்" என்றார்.

கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாமே மாறிப்போயிருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்தால் இந்தத் தப்பே வராது. அவள் புத்தியில் ஒரு குறையும் இல்லை. நான் நிற்க வைத்த இடத்தில் நின்றாள், அவ்வளவுதான். அய்யோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன். அதுவும் பத்தொன்பதாம் தேதியே பார்த்துட்டேனே. பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேனே.

மார்ச் 28

மேனேஜர் அறைக் கதவு வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"ஆமா சார்."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு பேரைக் குறைக்க வேண்டுமென்றால், அதில் ஒருத்தி நான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. வரும்போது தோன்றியது இதுதான். திரும்பிப் போய் மறுத்துச் சொல்லலாமா என்றும் தோன்றியது. சொல்லவில்லை.

ஏப்ரல் 2

கண்கொத்தி வேலைக்குத் திரும்பிவிட்டாள். என்னை அழுக்குத்துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்களைக் குறைக்கவில்லை, அது வெறும் புரளியாம். இஸ்திரிக்காரி என்னோடு பேசுவதில்லை. "நம்மாளுக்கே குழி பறிச்சவ" என்று என் காதுபடச் சொல்கிறாள். அவளுக்கு நான் என்ன செய்தேன்?

ஏப்ரல் 9, புதன்

ரத்தக்கறை பட்ட துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உணவு இடைவேளையில் கண்கொத்தி வந்து நின்றாள். ஏசப் போகிறாள் என்று காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"உங்க மேஜை நான் கேக்கல அக்கா. சாரே குடுத்தாரு. அக்கா வரட்டும்னு சொன்னேன். அவரு கேக்கல" என்றாள்.

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

மேனேஜரிடம் அப்படிச் சொல்லியிருப்பாளா? என்னிடம் நல்ல பெயர் வாங்க இப்போது இட்டுக்கட்டியும் இருக்கலாம். மேனேஜரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

கேட்கப் போவதில்லை. நம்பிவிட்டேன்.