இடது பக்கத்து குரோம் பட்டை

மார்ச் 4
வீட்டு கேட் தூணில் காரை உரசிவிட்டேன். இடது கதவின் குரோம் பட்டை ஒரு முனையில் பிய்ந்து தொங்குகிறது. முப்பத்தொரு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. தூண் என்ன இன்றைக்கா முளைத்தது? மனைவிக்குச் சிரிப்பு. "என் சக்களத்திமேல தூசி பட்டாலே ஊரையே கூட்டுவீங்களே, இன்னிக்கு என்ன சத்தமே காணோம்?"

மார்ச் 5
நானே சரிசெய்துவிடலாம் என்ற திமிர். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், கிளிப் இரண்டும் உடைந்தன. தரையில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நெளிவு போனது, ஆனால் அடிவாங்கிய தகடு நீண்டுவிட்டது. இப்போது கதவைவிடப் பட்டை அரை விரல் அதிகம். என்னை எதால் அடிப்பது?

மார்ச் 6
புதுப் பட்டை கேட்டு ஐந்து கடை ஏறினேன். "இந்த வண்டிக்கா?" என்று ஐந்திலும் சிரிப்பு.

மார்ச் 9
வண்டி நசுங்கலை எடுக்கும் டிங்கரிடம் போனேன். அவர் பட்டப்பெயர் 'அவசரம்'. மனிதர் அசைந்தால்தானே! இடது பக்கத்துப் பட்டைகள் மூன்றையும் கழற்றி பெஞ்சில் வரிசையாக வைத்தார். நகத்தால் சுரண்டினார்.

"எத்தனை தடவ இடிச்சீங்க?"

"ஒரே தடவதான். தூண்ல."

"தூண்ல இடிச்சது இதுங்க, சிமெண்ட் ஒட்டியிருக்கு. இங்க நீல பெயிண்ட், இது வேற. இந்தப் பள்ளத்துல துருவே ஏறிடுச்சு, நாலு மாசம் ஆயிருக்கும். மூணு இடி சார்."

"நிறுத்தி வச்ச வண்டிய யாராச்சும் இடிச்சிருப்பாங்க."

"கீறல் முன்னாலேர்ந்து பின்னால போகுது. ஓடினது உங்க வண்டிதான்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஒரு தடவ கண்ணக் காட்டிடுங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் வேலை பட்டையோடு சரி என்று சொல்ல நினைத்தேன். பட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10
நீலம். எதனுடைய நீலம்? யாராவது வீட்டுக் கதவா, டிரம்மா – சைக்கிளா? சைக்கிள் என்றால் அதன்மேல் ஆள் இருந்திருப்பாரே. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருக்குமா? ரேடியோவை அலறவிட்டுத்தானே ஓட்டுகிறேன். அய்யோ, இதை யார்கிட்டப் போய்க் கேப்பேன்?

மார்ச் 11
வழக்கமாக ஓட்டும் தெருக்களில் நடந்தே போனேன். நீலமாக எது தெரிந்தாலும் நின்று கீறல் தேடினேன். ஒரு வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

மார்ச் 13
கண் ஆஸ்பத்திரி. கருவிக்குள் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டுமாம். நடுவில் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. "மெஷின் நின்னுபோச்சும்மா," என்றேன். நர்ஸ் என் தலையை நேராக்கிவிட்டு எதையோ குறித்துக்கொண்டாள்.

கண் நீர் அழுத்த நோயாம். இடது ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். இனிமே வண்டி ஓட்டாதீங்க," என்றார் டாக்டர். மனைவி பக்கத்திலேயே இருந்தாள். வழியெல்லாம் ஒரு கிண்டல்கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 14
எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 22
அவசரம் வேலையை முடித்துவிட்டார். நீண்ட தகட்டைச் சூடுகாட்டிச் சுருக்கி, புது முலாம் பூச வைத்து, மூன்று பட்டையையும் ஒரே கோடாக நிறுத்தியிருக்கிறார். அந்த நீலத்தைச் சுரண்டி எடுத்தாயிற்றாம். அது யாருடையது என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

மார்ச் 25
மனைவி கார் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி இருபது வருடம். நான்தான் ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. நன்றாகவே ஓட்டுகிறாள். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் நிறுத்தி, "உங்க பக்கம் ஏதாச்சும் வருதா பாருங்க," என்றாள்.

தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. "வரல, எடு," என்றேன்.

அவள் எடுக்கவில்லை. பிரேக்கில் கால் வைத்தபடியே, என்னைத் தாண்டிக் குனிந்து, தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் எடுத்தாள்.